பன்னிரண்டாவது சீட்டு

1

இந்தக் கதை ஒரு முதுகுவலியில் தொடங்கியது. அதுவும் பொய்யான முதுகுவலி.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், இந்த நாட்டின் குடியுரிமை கிடைத்த நான்காவது மாதம், வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக, ஜூரியாக, வந்து உட்காரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பள்ளியில் பரீட்சை நேரம். தெரிந்த டாக்டரிடம் சொல்லி, நீண்ட நேரம் உட்கார முடியாத அளவுக்கு முதுகுவலி என்று சான்றிதழ் வாங்கி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே மூன்று மணி நேரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். என் நாற்காலியில் யார் போய் உட்கார்ந்தார், என்ன சொன்னார், அதனால் எவன் உள்ளே போனான் என்று இன்றுவரை தெரியாது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். (எழுதியிருந்தால் அது குற்றவுணர்ச்சிக் கதையாக முடிந்திருக்கும். அந்த வகைக் கதைகளில் எழுதுகிறவன் ஒருவன்தான் நல்லவனாகத் தெரிவான்.)

ஆகவே இது வேறொருவருடைய நாற்காலியைப் பற்றிய கதை. நான் லூசியானாவில் இருபத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். எனக்குக் கூட்டினால் சரியாக வர வேண்டும். இந்தக் கதை வரவில்லை. ஏழு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

“1998 மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, செயின்ட் ஓமர் நீதிமன்றத்தில் தீர்ப்பைக் கேட்க டெல்வின் எழுந்து நின்றபோது அவன் கால்கள்—”

அடித்துவிட்டேன். அவன் கால்கள் என்ன செய்தன என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது விருதுநகரில் இருந்தேன். எனக்குத் தெரிந்த டெல்வின் நாற்பத்தெட்டு வயதுக்காரன், சிறைப் பண்ணையில் வெண்டைக்காய் பறித்துப் பறித்து விரல்நுனி தடித்துப்போனவன். இருபத்திரண்டு வயதில் அவன் எப்படி நின்றான் என்பதை அவன் அக்காள்தான் சொல்ல முடியும். அவள் சொல்ல மாட்டாள்.

இரண்டாம் தொடக்கம்:

“1898இல் இந்த மாநிலத்து வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் ஒன்றுகூடிச் சட்டம் எழுதினார்கள். கறுப்பர்களை ஜூரியில் சேர்க்காமல் இருக்க முடியாது, மேலே உள்ள மத்தியச் சட்டம் விடாது. சரி, சேர்த்துக்கொள்வோம். ஆனால் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்பது பேர் போதும் என்று எழுதிவிட்டால்? உள்ளே வரும் ஓரிரு கறுப்பர் என்ன சொன்னால் என்ன? பின்னால் ஒன்பது பத்தாயிற்று. நூற்றிருபது ஆண்டுகள் அப்படியே ஓடியது.”

இது உண்மைதான், ஆனால் கதை இல்லை, பாடம். பாடம் நடத்தியது போதும் என்று ஓய்வு பெற்றவன் நான். இருந்தாலும் இதை அடிக்கவில்லை. இது தெரியாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.*

* மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பன்னிரண்டு பேரும் ஒப்ப வேண்டும். இனிமேல். ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லி உள்ளே போனவர்கள் உள்ளேயேதான். ஆயிரம் பேருக்கு மேல். மாநிலத்தில் மூன்றில் ஒருவர் கறுப்பர். அந்த ஆயிரம் பேரில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர். இந்தப் பின்னத்தைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளிடம் இது எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மூன்றாம் தொடக்கம்: உருளைக்கிழங்கு சாலட்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

செயின்ட் ஓமரில் மேரி மகதலா சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடத்தில் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவருவார்கள். கோழி, பீன்ஸ், எதையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும், “இத யாரு செஞ்சது?” என்று உரக்கக் கேட்காமல் யாரும் தொட மாட்டார்கள். சொல்லும் பெயரைப் பொறுத்துத்தான் கரண்டி இறங்கும். நான் முதல் தடவை போனபோது கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அங்கே எப்போதும் முதலில் காலியாவது ஓடெஸ்ஸா கில்லரியின் சாலட். ஓடெஸ்ஸாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் முப்பது ஆண்டு இருந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பேச்சு குறைவு.

அந்தச் சாலட்டை இருபத்தாறு ஆண்டுகளாகத் தொடாத ஒரே தட்டு வெர்னெலுடையது. வெர்னெல் எங்கள் பள்ளிச் சமையலறைக்குத் தலைவியாக இருந்தவள், என் வயதுக்காரி, பாடகர் குழுவில் முதல் வரிசை. டெல்வினின் அக்காள். நான் சோளக்கஞ்சியில் மிளகாய்ச் சாறு ஊற்றியதைப் பார்த்த நாளிலிருந்து என்னைக் கேலி செய்வதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறாள்.

சாலட் விஷயத்தை நான் ஒரு தடவைதான் கேட்டேன். கேலியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“என் தம்பி கேஸுல பன்னெண்டு பேரு ஒக்காந்தாங்க. பதினோரு பேரு வெள்ளக்காரங்க. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க மேல எனக்குக் கோவமே கெடையாது, வாத்தியாரே. பன்னெண்டாவது ஆளு இவங்க. நம்ம சர்ச்சு. தீர்ப்பு ஆனதும் எங்கம்மா மொகத்தக்கூடப் பாக்காம பக்கத்துக் கதவு வழியா போனாங்க. பாக்க முடிஞ்சா பாத்திருப்பாங்கல்ல?”

பெட்ரோல் பங்க் ஒன்றில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்ததாக வழக்கு. யாருக்கும் காயமில்லை. சாட்சி ஒருவர்: பங்க்காரர். தொப்பியை இழுத்து விட்டிருந்த ஒரு கறுப்பு இளைஞனைப் பார்த்தார், அவன் டெல்வின் என்றார். தண்டனை தொண்ணூற்றொன்பது ஆண்டு, பரோல் இல்லை. (ஏன் நூறாகப் போடவில்லை என்று எனக்கு ஒரு கணக்குக் கேள்வி உண்டு. கேட்க ஆளில்லை.)

அவன் செய்தானா என்று கேட்கிறீர்கள். செய்யவில்லை என்கிறான். எனக்குத் தெரியாது. இந்தக் கதையை எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். ஒரு பத்தியில் அவனை நிரபராதியாக்கிப் பார்த்தேன், கதை சுலபமாகிவிட்டது. அடுத்ததில் குற்றவாளியாக்கினேன், அதுவும் சுலபமாகத்தான் இருந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

4

ஓய்வு பெற்றபின் நான் ஒரு வக்கீல் அலுவலகத்துக்காகப் பழைய வழக்குக் கட்டுகளைத் தேடிக்கொடுக்கிறேன். முதுகுவலிக்குப் பரிகாரம் என்றால் பெரிய வார்த்தை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.

எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக வந்த அரசு வக்கீல் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தார். பழைய பத்துப் பேர் தீர்ப்புகளை மறுபடி பார்க்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்க்க ஆளில்லை, சட்டம் எந்த அநியாயத்துக்காக எழுதப்பட்டதோ அதிலிருந்து தொடங்குகிறேன் என்றார். அதாவது, கறுப்பு ஜூரி ஒருவர் “இல்லை” என்று சொல்லியும் அந்த வாக்கைத் தள்ளிவிட்டுக் கொடுத்த தீர்ப்புகள் முதல் பட்டியலில். மற்றவை பிறகு. எப்போது என்று சொல்லவில்லை. அரசு வக்கீல்கள் தேர்தலில் வருகிறவர்கள், தேர்தலில் போகிறவர்கள். “பிறகு” என்றால் என்ன என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

டெல்வின் வழக்கில் யார் என்ன சொன்னார்கள் என்று எங்கும் எழுதியில்லை. “பத்துப் பேர் ஒப்பினர், தீர்ப்பு செல்லும்” என்று ஒரே வரி. ஆனால் அந்தக் காலத்தில் தீர்ப்பு சொன்னதும், இந்தத் தீர்ப்பு உங்களுடையதா என்ற கேள்விக்கு ஜூரிகள் ஆளுக்கொரு சீட்டில் “ஆம்” அல்லது “இல்லை” எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். அதை உறையில் ஒட்டிக் கட்டோடு போட்டுவிடுவார்கள். அந்த உறையை நீதிமன்றத்து அடித்தளத்தில், நான்காவது நாள், வேறு யாருடைய விவாகரத்துக் கட்டுக்குள்ளோ கண்டுபிடித்தேன். நீதிபதியின் அனுமதியோடு, டெல்வின் வழக்கை எடுத்திருந்த எங்கள் அலுவலக வக்கீல் பெண் பிரித்தார்.

பத்து “ஆம்”.

ஒரு “இல்லை”. கையெழுத்து: மெரில் ட்ரஹான். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்த வெள்ளைக்கார மெக்கானிக், இறந்து ஒன்பது ஆண்டாகிறது.

பன்னிரண்டாவது சீட்டில் ஓடெஸ்ஸா கில்லரி என்ற கையெழுத்து இருந்தது. அழகான, சாய்ந்த எழுத்து. அதற்கு மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

(இந்த இடத்தில், “என் கைகள் நடுங்கின” என்று எழுதியிருந்தேன். நடுங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. பத்தும் ஒன்றும் பதினொன்று. மிச்சம் ஒன்று என்ன?)

5

வெர்னெலிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி ஓடெஸ்ஸாவைப் பற்றியதே இல்லை.

“மெரிலா? என் கார் பிரேக்க ரெண்டு தடவ மாத்திக் குடுத்தானே அந்த மெரிலா? குனிஞ்ச தல நிமிராம வேல பாப்பான். ஒரு வார்த்த சொல்லலியே.”

அவள் இருபத்தாறு ஆண்டாகக் கோபப்படாமல் விட்டுவைத்த பதினோரு பேரில் ஒருவன் அவள் தம்பிக்காகக் கைதூக்கியிருக்கிறான். நன்றி சொல்ல ஆள் இல்லை. அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று முழுவதும் என்னிடம் சண்டை போட்டாள்.

வக்கீல் பெண் சொன்னது இன்னும் குழப்பம். மெரிலின் “இல்லை” முதல் பட்டியலுக்கு உதவாது, ஏனென்றால் அவர் வெள்ளையர். வெற்றுச் சீட்டு “இல்லை” ஆகாது. ஓடெஸ்ஸா ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் டெல்வின் பட்டியலுக்குள் வரலாம். அதில் “இல்லை” என்ற வார்த்தை தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள்.

பிரமாணப் பத்திரத்தின் வரைவை எழுதும் வேலை எனக்கு. கதை எழுதுகிறவன்தானே என்றார். எழுதினேன்: “அன்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தால், நான் எழுதியிருக்கக்கூடிய சொல்:” அதற்குப் பிறகு ஒரு கோடு. அந்தக் கோட்டை நிரப்ப எனக்கு உரிமை இல்லை. நான் எழுதியவற்றில் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் இதுவரை கை வைக்கவில்லை.

6

புதன்கிழமை காலை ஓடெஸ்ஸாவின் வீட்டுக்குப் போனோம். வெர்னெல் காரிலேயே இருப்பதாகச் சொன்னவள் என் பின்னாலேயே வந்துவிட்டாள். சமையலறை வாசற்படிக்கு இந்தப் பக்கம், கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

ஓடெஸ்ஸா வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குக் கொண்டுபோக. சீட்டின் நகலைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். இரண்டு நாள் உள்ளே உட்கார்ந்தார்கள். முதலில் எட்டுப் பேர் ‘ஆம்’ என்றார்கள், பிறகு ஒன்பது. மெரில் மட்டும் திரும்பத் திரும்ப அந்தத் தொப்பியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது ஆளும் சரி என்றதும் ஜூரித் தலைவர் எழுந்துவிட்டார்.

“நான் என்ன எழுதணும்னு கேட்டேன். ‘பத்து பேரு ஆயிட்டாங்கம்மா, ஒங்களோடது தேவப்படாது’ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. தேவப்படாதுன்னா எதுக்கு எழுதணும்? பேர மட்டும் போட்டுக் குடுத்தேன்.”

இத்தனை ஆண்டு ஏன் இதைச் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

“வெளிய யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு ஜட்ஜு சொன்னாரு. இனிமே பேசலாம்னு யாரும் வந்து சொல்லலியே.”

(விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வழக்கு நடக்கும்போது சொன்ன கட்டளையை இருபத்தாறு ஆண்டாகக் காப்பாற்றியிருக்கிறார்.)

“எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பீங்க, சிஸ்டர்?” வெர்னெல் அவரை நேராகக் கூப்பிட்டு என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

ஓடெஸ்ஸா இன்னொரு கிழங்கை எடுத்தார், உரிக்காமல் வைத்துவிட்டார்.

“ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், வெர்னெல். தேவப்படாதுன்னு அவரு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வெக்கத்துலதான் ஒங்கம்மாவப் பாக்க முடியல. அவன் செஞ்சான்னும் எனக்கு நிச்சயமில்ல, செய்யலன்னும் நிச்சயமில்ல. ரெண்டு நாளா ஒரே கொழப்பம். இன்னிக்கு வரைக்கும் கொழப்பந்தான். பதிலு தெரிஞ்சவங்கதான் எழுதணும்னு நெனச்சேன்.”

“கொழப்பமா இருந்துச்சா?” வெர்னெல் படியைத் தாண்டி உள்ளே வந்தாள். “நான் ரெண்டாவது வரிசையில ஒக்காந்து கேட்டேன், சிஸ்டர். நியாயமான சந்தேகம் ஒண்ணு இருந்தாக்கூட அவன விட்டுரணும்னு ஜட்ஜு சொன்னாரு. ஒங்க எல்லாரையும் பாத்துத்தான் சொன்னாரு. கொழப்பம்னா அதுக்குப் பேரு ‘இல்ல’.”

ஓடெஸ்ஸா உரிக்காமல் வைத்த கிழங்கை மறுபடி எடுத்தார்.

“அத அன்னிக்கு எனக்கு யாராவது இப்புடிச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாக, விடை நிச்சயமில்லாமல் கோட்டை வெறுமையாக விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கிறேன். ஏன் விட்டாய் என்று ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை. இதையும் குற்றவுணர்ச்சிக் கதை என்று நீங்கள் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

பிரமாணப் பத்திரத்தை மேசையில் வைத்தேன். ஓடெஸ்ஸா படித்தார். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, கடவுள் பெயரால் சத்தியம் செய்து எழுதுவதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குத் தெரியாததை இன்றைக்குத் தெரிந்ததாக எழுதினால் அது பொய்ச் சத்தியம் ஆகாதா என்று கேட்டார். வெர்னெலுக்குப் பதில் உதட்டுவரை வந்ததைப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. தம்பியின் மிச்ச வாழ்க்கை அந்தக் கோட்டின்மேல் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவள் கையிலிருந்த சாவிதான் சொன்னது.

“வச்சுட்டுப் போங்க” என்றார் ஓடெஸ்ஸா.

7

இனி முடிவு. முதலில் எழுதியது இது: ஓடெஸ்ஸா “இல்லை” என்று எழுதுகிறார். டெல்வின் வெளியே வருகிறான். சர்ச் கூடத்தில் எல்லோரும் எழுந்து நிற்க, அவனே உருளைக்கிழங்கு சாலட்டை எடுத்து அக்காளின் தட்டில்—

நான்கு பக்கம் எழுதி, வெர்னெலுக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

“அவன் இன்னும் உள்ள வெண்டக்கா பறிச்சிட்டிருக்கான். அவன வெளிய கொண்டாந்து விருந்து வைக்க நீ யாரு?”

இரண்டாவது முடிவில் ஓடெஸ்ஸா, “எனக்குக் குழப்பமாக இருந்தது” என்று எழுதுகிறார், அரசு வக்கீலின் ஆட்கள் திருப்பி அனுப்புகிறார்கள். இதைப் படித்துக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு ஓடெஸ்ஸா, சர்ச்சுக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒட்டிய உறையோடு தானே வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். என்ன எழுதியிருக்கிறார் என்று வெர்னெலிடமும் என்னிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். வக்கீல் பெண் சொல்லவில்லை. அவர் முகத்தை நான் நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியல் அடுத்த மாதம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து மாதத்தின் முதல் ஞாயிறு. வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் வெர்னெல். கோழி எடுத்தாள், பீன்ஸ் எடுத்தாள். அந்தப் பாத்திரத்தின் முன்னால் வழக்கம்போலக் கடந்து போகாமல் நின்றாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“இத யாரு செஞ்சது?” என்று உரக்கக் கேட்டாள்.

பேச்செல்லாம் நின்றுவிட்டது. கடைசி மேசையிலிருந்து ஓடெஸ்ஸா எழுந்தார். “நாந்தான், வெர்னெல்.”

கரண்டி இறங்கியதா என்று கேட்கிறீர்கள். எனக்கு முன்னால் நின்றவர் நல்ல உயரம். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

எழுத உட்கார்ந்தபோது எனக்கு எல்லாம் கூடி வர வேண்டும் என்று இருந்தது. இப்போது இந்தக் குழப்பத்தை உங்களிடம் இறக்கி வைக்கிறேன். ஒரு சீட்டுத் தருகிறேன். பங்க்காரர், தொப்பி, மெரிலின் கேள்வி, தொண்ணூற்றொன்பது ஆண்டு, எல்லாம் கேட்டுவிட்டீர்கள். என்னைப் போல முதுகுவலி என்றால் சொல்லுங்கள், டாக்டரின் பெயர் தருகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு முன்னால் படித்த பத்துப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை ஆகிவிட்டது. உங்களுடையது தேவைப்படாது.

சொல்: ____________

கையெழுத்து: ____________